ஆள் இல்லையா, வேலை இல்லையா?

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்து வேலைப் பேச்சை எடுத்தாலும் இரண்டு பதில்தான் வரும். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் அறுக்க ஆள் கிடைக்காமல் குலை மரத்திலேயே பழுத்து உதிர்கிறது, வேலை கொட்டிக் கிடக்கிறது, நம் பிள்ளைகளுக்குத்தான் உடம்பு வளையவில்லை என்பது ஒன்று. டிப்ளோமா முடித்த பையன் எத்தனை இடத்துக்கு மனுப் போட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை, கடைசியில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், நாட்டில் வேலையே இல்லை என்பது இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், ஒரு தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் ஒரே ஆள் இரண்டையும் சொல்லிவிடுவார்.

இரண்டும் உண்மைதான். ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஆளும் இல்லாமல் வேலையும் இல்லாமல் எப்படி இருக்க முடியும் என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் 90 வருஷத்துக்கும் மேலாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் நம் ஊருக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்து எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். கணக்கு, வரைபடம் எதுவும் தேவையில்லை.

முதலில், யாரை 'வேலை இல்லாதவர்' என்று எண்ணுகிறார்கள்? அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த விதியைத்தான் பெரும்பாலான நாடுகள் பின்பற்றுகின்றன. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ லாபத்துக்கோ வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். ஒரு மணி நேரம்கூட இல்லை, ஆனால் வேலை கிடைத்தால் போகத் தயார், தேடியும் பார்த்தார் என்றால் வேலை இல்லாதவர். தயாராகவும் இல்லை, தேடவும் இல்லை என்றால் அவர் கணக்கிலேயே வரமாட்டார், தொழிலாளர் சந்தைக்கு வெளியே இருப்பவர் என்று தனிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். தேடினால் மட்டும் கிடைக்கவா போகிறது என்று மனம் விட்டுப்போய்த் தேடாமல் இருப்பவரை நம் புள்ளிவிவரத் துறை வேலை இல்லாதவரோடு சேர்த்தே எண்ணுகிறது, அந்த அளவுக்கு நியாயம்.

இதை ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வரிசையில் பொருத்திப் பாருங்கள். முதல் வீட்டுப் பையன் வாரத்தில் இரண்டு இரவு சாப்பாடு டெலிவரி செய்கிறான், அவன் வேலையில் இருப்பவன். அடுத்த வீட்டு அக்கா பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார், அவர் சந்தைக்கு வெளியே. மூன்றாம் வீட்டில் கணக்கியல் படித்த பெண் பேரங்காடியில் காசு வாங்கும் இடத்தில் நிற்கிறாள், அவளும் வேலையில்தான். நாலாம் வீட்டு ஆள் போன மாதம் ஆட்குறைப்பில் வேலை போனவர், மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார். வரிசை முழுக்கப் பணக் கஷ்டம், ஆனால் வேலை இல்லாதவர் என்று விழுவது ஒருவர்தான்.

மலேசியாவின் வேலையின்மை அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 3 முதல் 3.5 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. உலக அளவில் இது குறைவு. யாரும் பொய் சொல்லவில்லை, அந்த விதிப்படி எண்ணினால் வருவதைத்தான் அந்த எண் காட்டுகிறது. ஆனால் 15 முதல் 24 வயதுக்காரர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 10 விழுக்காட்டுக்கு அக்கம்பக்கத்தில் போகிறது. உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில் இருக்கிறார்கள் என்று அதே துறையே வெளியிடுகிறது. பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 56 பேர்தான் தொழிலாளர் சந்தைக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆக ஒரு எண்ணைக் காட்டி 'நாட்டில் பிரச்சினையே இல்லை' என்று யாராவது சொன்னால், எந்த வீட்டை எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

சரி, இனி காரணத்துக்கு வருவோம். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காரணம் சோம்பேறித்தனம். அதைச் சோதித்துப் பார்க்க நமக்கே ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 2020 ஜனவரியில் வேலையின்மை 3.2 விழுக்காடு. மார்ச் 18-இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மே மாதம் 5.3 விழுக்காடு, அதாவது 8 லட்சத்து 26 ஆயிரம் பேர். 2022 முடியும்போது மறுபடி 3.6-க்கு இறங்கிவிட்டது. சோம்பல்தான் காரணம் என்றால், நாடு முழுக்க இரண்டே மாதத்தில் லட்சக்கணக்கானோருக்குச் சோம்பல் தொற்றி, அப்புறம் இரண்டு வருஷத்தில் சொல்லி வைத்தாற்போல் தெளிந்துவிட்டது என்று நம்ப வேண்டும். தனி மனிதர்களில் சோம்பேறிகள் இருக்கிறார்கள், எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை ஏறி இறங்குவதை அவர்களை வைத்து விளக்க முடியாது.

இந்த மாதிரி ஏற்ற இறக்கத்தை முதலில் ஒழுங்காக விளக்கியவர் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், 1936-இல். அதற்கு முன் படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது, கூலியைப் போதுமான அளவு குறைத்தால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று. கெய்ன்ஸ் சொன்னார், நீ செலவு செய்யும் காசுதான் இன்னொருவனின் சம்பளம், எல்லோரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் எல்லோருக்கும் வருமானம் குறையும், அப்போது கூலியைக் குறைத்தால் வாங்க ஆள் இன்னும் குறையும். சுங்கைப் பட்டாணி ஃபேக்டரியில் ஓவர்டைம் நின்றால் ஃபேக்டரிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அடியில்லை. வெளியே நாசி லெமாக் விற்கும் மாமிக்கு, மோட்டார் பழுது பார்க்கும் கடைக்கு, தீபாவளிக்குச் சட்டை தைக்கும் தையல்காரருக்கு என்று அடி நகர்ந்துகொண்டே போகும். மாமி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து என்ன பயன்?

இது ஒரு வகை. பொருளாதாரம் மீண்டால் இது மீளும். மீளாத வகை வேறு, தோட்டத்துக்காரர்களுக்கு அதைத்தான் அதிகம் தெரியும்.

ரப்பர் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வெட்ட வேண்டும். விடியுமுன் பிரட்டுக்கு (பெயர்ப் பதிவுக்கு) போய், நெறையில் (மர வரிசையில்) இறங்கி, மரம் மரமாகக் கத்தி வைத்து, பால் எடுத்து, நிறுத்து, ஒட்டுப்பாலையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். ஆணும் பெண்ணும் சமமாகச் செய்த வேலை அது. செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அறுத்தால் போதும். அதே நிலத்துக்கு அதைவிடக் குறைவான ஆட்கள். அறுப்பதோ நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து இழுக்கும் வேலை, பெரும்பாலும் ஆண்களுக்கே போய்ச் சேர்ந்தது. பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது என்று மிஞ்சியது. உலகத்தில் அதிக ரப்பர் எடுத்த நாடாக இருந்த மலேசியா 1990-களின் தொடக்கத்தில் அந்த இடத்தைத் தாய்லாந்திடம் விட்டது. அதற்கு முன்பே நிலம் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தது, நகரத்துக்கு அருகில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் கோல்ஃப் திடலுக்கும் போய்க்கொண்டிருந்தன. இன்றைய புத்ராஜெயா நிற்கும் இடம் பிராங் பெசார் தோட்டம்.

இதைத்தான் அமைப்புசார் வேலையின்மை என்கிறார்கள். ஒரு தொழிலே சுருங்கிப்போய், அதற்குப் பழகிய கைக்கு வேறு இடத்தில் விலை இல்லாமல் போவது. நல்ல பால்வெட்டுக்காரர் மரத்தின் பட்டைக்குக் காயம் படாமல் வெட்டுவார், அது வருஷக்கணக்கில் வந்த நுணுக்கம். அந்த நுணுக்கத்தைக் கொண்டுபோய் மின்னணு ஃபேக்டரியில் காட்டினால் புது ஆளுக்கான சம்பளம்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பல வருஷம் ஒரே நிறுவனத்தில் இருந்து ஆட்குறைப்பில் வெளியேறியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 1993-இல் வந்தது. ஐந்தாறு வருஷம் கழித்தும் அவர்கள் வருமானம், வேலை போகாமல் இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாகவே இருந்தது. வேலை கிடைத்த பிறகும்தான். அதனால் 'வேறு வேலைக்குப் போனால் சரியாகிவிடும்' என்பது பாதி ஆறுதல்தான்.

பென்சில்வேனியாக்காரருக்கு வேலை போனது. தோட்டத்துக்காரருக்கு அதோடு லயத்து வீடும் (தோட்டம் கொடுத்த வரிசை வீடு) போனது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை போனது, பிள்ளை நடந்துபோகும் தூரத்தில் இருந்த தமிழ்ப்பள்ளி போனது, கோயில் திருவிழாவுக்கு ஒன்றுகூடும் சனம் நாலா பக்கமும் சிதறியது. ஒரே ஆள் முதலாளியாகவும் வீட்டுக்காரராகவும் இருந்தால் இப்படித்தான். அதற்கும் முன்னால், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் பேர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறியதை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அங்கே சந்தை ஒன்றும் செய்யவில்லை, ஒரு காகிதம்தான் காரணம். இந்த வகையும் உண்டு என்பதைப் பாடப்புத்தகம் படிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

இப்போது ஒட்டுக்கடைக் கேள்விக்குத் திரும்புவோம். காலி இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது, ஏன் ஒட்டவில்லை?

2010-இல் பொருளாதார நோபல் பரிசை பீட்டர் டயமண்ட், டேல் மோர்ட்டென்சன், கிறிஸ்டோஃபர் பிசாரைட்ஸ் என்ற மூவருக்குக் கொடுத்தது இந்தக் கேள்விக்குத்தான். அவர்கள் சொல்வதைக் கேட்டால் நம் வீட்டு வரன் பார்க்கும் கதை ஞாபகத்துக்கு வரும். மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள், ஆனாலும் தேட வேண்டும், விசாரிக்க வேண்டும், இரு தரப்பும் சரி என்று சொல்ல வேண்டும், முதலில் வந்ததற்குத் தலையாட்டுவதா கொஞ்சம் பொறுப்பதா என்று யோசிக்க வேண்டும், அதற்குள் நாள் ஓடும். வேலையும் அப்படித்தான். தேடுவதற்கே செலவு இருக்கிறது. எங்கே இடம் காலி என்பதைத் தெரிந்துகொள்ளும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஆகவே நல்ல காலத்திலும் வேலையின்மை பூஜ்யத்துக்கு வராது.

பீடோங்கிலிருந்து கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு மோட்டாரில் போக ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும், மழையென்றால் கூடும். கம்பெனி பஸ் இந்தத் தடத்தில் வருகிறதா, அதிகாலை ஷிப்டுக்கு வருகிறதா என்பது ஒரு பெண்ணுக்கு வேலை 'இருக்கிறதா இல்லையா' என்பதையே தீர்மானித்துவிடும். வீட்டில் ஒரே மோட்டார், அதை அப்பா எடுத்துப் போகிறார் என்றால் கூலிமில் எத்தனை காலி இடம் இருந்தால் என்ன? அப்புறம் தகவல். வேலை விளம்பரம் இணையத்தில் வருகிறது. ஆனால் நல்ல வேலைகள் நிறைய தெரிந்தவர் மூலமாகத்தான் நகர்கின்றன. தோட்டத்தை விட்டு முதல் தலைமுறையாக வந்த வீட்டில் பொறியாளர் மாமா இருப்பது அபூர்வம். பையனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அவன் செய்யும் வேலையையே செய்பவர்கள். இதைத் தவிர, பெயரைப் பார்த்ததுமே மனுவை ஒதுக்கிவைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். இல்லையென்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

செம்பனைத் தோட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு நேரான பதில் கூலி. 2020-இல் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது நின்றபோது பழம் அழுகியது, ஏனென்றால் அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். உள்ளூர்ப் பையன் அந்த வேலையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறான். வெயில், முள், மேலிருந்து விழும் குலை, ஊருக்கு ஒதுக்கமான வீடு, அதற்கு இவ்வளவு சம்பளம். பக்கத்தில் ஃபேக்டரியில் குளிர்சாதன அறைக்குள் அதே சம்பளம். அவன் தேர்வில் சோம்பல் எங்கே இருக்கிறது? முதலாளி 'ஆள் பற்றாக்குறை' என்று சொல்லும்போது அந்த வாக்கியத்தின் பின்பாதியை விழுங்கிவிடுகிறார். 'நான் கொடுக்கும் சம்பளத்துக்கு' என்பதுதான் அந்தப் பின்பாதி. எல்லைக்கு அப்பால் இருந்து ஆள் கொண்டுவர முடியும் வரை அந்தச் சம்பளத்தை உயர்த்தும் அவசரமும் அவருக்கு இல்லை. இதற்காக அந்த வெளிநாட்டுத் தொழிலாளியைத் திட்டுபவர்கள், தங்கள் தாத்தா எப்படி இந்த நாட்டுக்கு வந்தார் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கூலியை உயர்த்தினால் வேலை குறையாதா? நியாயமான கேள்வி, பல காலம் பொருளாதாரம் படித்தவர்கள் ஆமாம் என்றே சொன்னார்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு ஏற்றியது, பக்கத்துப் பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இருவர் எல்லையின் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளில் முன்னும் பின்னும் ஆள் கணக்கு எடுத்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை. இந்த முடிவை எதிர்த்து இன்றும் வாதம் நடக்கிறது, எவ்வளவு ஏற்றினாலும் பாதகமில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. கார்ட் 2021-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார், குரூகர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

ஏன் குறையவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் தோட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஊரில் முதலாளி ஒருவரே என்றால் உழைப்பை வாங்குபவரும் ஒருவரே. வேறு போக்கிடம் இல்லாததால் உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் ஆள் நிற்கும். 1933-இலேயே ஜோன் ராபின்சன் என்ற பெண்மணி இதை விளக்கி எழுதினார். அப்படிப்பட்ட இடத்தில் சட்டம் கூலியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் முதலாளியின் லாபம் குறையுமே தவிர ஆள் குறைய வேண்டியதில்லை. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட்டில் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700. ஒவ்வொரு முறையும் கடைகள் மூடிவிடும் என்று பெரிய சத்தம் கேட்டது. 1,500 வந்த அதே 2022-இல்தான் வேலையின்மை இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பெரிய காரணம் கட்டுப்பாடு நீங்கியதுதான், சம்பள உயர்வு அல்ல, ஆனாலும் சொன்ன மாதிரி ஒன்றும் இடிந்து விழவில்லை.

இதுவரை வேலை ஏன் போகிறது என்று பார்த்தோம். போனால் மனிதனுக்கு என்ன ஆகிறது என்பது இன்னொரு ஆய்வுப் பாதை, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தென்கிழக்கே மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஏறக்குறைய 1,500 பேர். ஊர் முழுக்க ஒரே நெசவாலையை நம்பியிருந்தது, வீடும் ஆலை கொடுத்தது. படிக்கும்போதே நம் தோட்டம் கண்ணில் வரும். 1929, 1930-இல் ஆலை மூடப்பட்டது. முக்கால்வாசிக் குடும்பங்களில் வேலைக்குப் போகும் ஆளே இல்லை. 1931 வாக்கில் மரீ யஹோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் உள்ளிட்ட இளம் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேள்வி கேட்டுவிட்டு வருவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. துணிமணி சேகரித்துக் கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள், மருத்துவரை வரவழைத்தார்கள், அப்படிப் பழகிக்கொண்டே ஊரைக் கவனித்தார்கள்.

வேலை போனவர்களுக்கு நேரம் நிறைய இருக்குமே, படிப்பார்கள், சங்கத்துக்குப் போவார்கள், அரசியலில் இறங்குவார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர் எதிர். நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சங்கங்களுக்கு ஆள் வரவில்லை. ஆய்வாளர்கள் மறைவாக நின்று ஊர் நடுத்தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக, அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். பெரும்பாலோர் கடிகாரம் எடுத்துப் போவதையே விட்டிருந்தார்கள். அன்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னால் ஆண்களுக்கு எழுத ஒன்றும் இல்லை, எழுந்ததும் சாப்பிட்டதும் படுத்ததும் தவிர. பெண்கள் மட்டும் வேகமாகவே நடந்தார்கள். சம்பள வேலைதான் போயிருந்தது, சமையலும் துவைப்பதும் பிள்ளையும் அப்படியே இருந்தன!

யஹோடா பிற்காலத்தில் இதை விரித்து எழுதினார். வேலை சம்பளம் தருகிறது, அது வெளிப்படை. அதோடு நாளுக்கு ஒரு வடிவம் தருகிறது, வீட்டுக்கு வெளியே நாலு பேரைச் சந்திக்க வைக்கிறது, தனி ஆளைவிடப் பெரிய ஒரு காரியத்தில் பங்கு தருகிறது, நீ யார் என்ற கேள்விக்குப் பதில் தருகிறது, சும்மா உட்காராமல் கையை ஓட வைக்கிறது. வேலை போகும்போது இந்த ஐந்தும் சேர்ந்து போகின்றன, உதவித்தொகை சம்பளத்தை மட்டும்தான் ஓரளவு ஈடுகட்டும். வேலை போன ஆண்கள் பகலெல்லாம் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 'பார், தேடக்கூட மாட்டேன் என்கிறான்' என்று பேசுகிறோமே, அந்தச் சோம்பல் பல நேரம் வேலையிழப்பின் காரணம் இல்லை, அதன் விளைவு. மரியன்தால் ஆண்கள் ஆலை மூடுவதற்கு முன் சோம்பேறிகளாக இல்லை. குடியும் அப்படித்தான் பல வீடுகளில் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

பின்னாளில் எண்களோடு இதை உறுதிசெய்தார்கள். ஆண்ட்ரூ கிளார்க்கும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 1994-இல் பிரிட்டன் குடும்பங்களின் தரவை எடுத்துப் பார்த்தபோது, மன நலத்தை விவாகரத்தைவிட வேலையின்மை அதிகம் தாக்குவதைக் கண்டார்கள். 1998-இல் ஜெர்மன் தரவை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு, வேலையிழந்தவரின் மனநிறைவு குறைவதில் சம்பளம் போனதன் பங்கைவிட மற்றவற்றின் பங்குதான் மிகப் பெரியது என்று காட்டியது. கிளார்க் பிறகு கண்ட ஒன்று கொஞ்சம் சங்கடமானது. சுற்றிலும் நிறைய பேர் வேலையில்லாமல் இருந்தால் தனி ஆளுக்கு வலி குறைகிறதாம். லயம் முழுக்க வேலை போனபோது தாங்கிக்கொண்ட மனிதர், தாமானில் தான் ஒருவர் மட்டும் வீட்டில் இருக்கும்போது ஒடிந்துபோவது இதனால்தானோ என்னவோ.

வருமானம் கூடினால் மகிழ்ச்சி கூடுமா என்பதில் பெரிய சண்டையே நடந்தது. 1974-இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின், ஒரு நாட்டுக்குள் பணக்காரர் ஏழையைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார், ஆனால் நாடே பணக்கார நாடானாலும் சராசரி மகிழ்ச்சி கூடியதாகத் தெரியவில்லை என்றார். பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டே நாம் வாழ்கிறோம் என்பது ஒரு விளக்கம். 2010-இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும், அமெரிக்காவில் வருஷம் 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மனநிலை உயர்வதில்லை என்று எழுதினார்கள். உலகமே அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டது. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த், இல்லை, தொடர்ந்து உயர்கிறது என்றார். நல்ல காரியமாக கானமனும் அவரும் 2023-இல் சேர்ந்து உட்கார்ந்து தரவைப் பார்த்து, பெரும்பாலோருக்குத் தொடர்ந்து உயர்கிறது, ஏற்கெனவே மனத்துயரில் இருக்கும் ஒரு சிறு பகுதிக்குத்தான் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது என்று முடித்தார்கள். நமக்கு இதில் வேண்டியது வேறு. எல்லா ஆய்வும் ஒத்துக்கொள்வது, கீழே இருப்பவருக்கு ஒவ்வொரு ரிங்கிட்டும் அதிகம் பெறும் என்பதை. 1,700 வாங்குபவருக்கு 200 கூடுவதும் 10,000 வாங்குபவருக்கு 200 கூடுவதும் ஒன்றாகாது. இதற்கு ஆய்வு எதற்கு என்று எங்கள் அம்மா கேட்பார்.

எவ்வளவு என்பதோடு, எப்படி வருகிறது என்பதும் முக்கியம். பால்வெட்டில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு குறையும், ரப்பர் விலை உலகச் சந்தையில் விழுந்தால் இன்னும் குறையும். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் காலங்காலமாக மாதச் சம்பளம் கேட்டுப் போராடியது இதனால்தான். 2013-இல் தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்திலும், அறுவடைப் பணம் வந்த பிறகும் ஒரே ஆளுக்கே யோசனைத் திறன் சோதனை வைத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் நன்றாகச் செய்தார். கவலை மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. 2016-இல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் வைத்த சோதனையில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை என்பதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். என்றாலும், மாதக் கடைசியில் பள்ளி பஸ் காசுக்கும் மோட்டார் தவணைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிறகு வருந்தும் முடிவு எடுத்த எவருக்கும் அந்தக் கரும்பு விவசாயியைத் தெரியும்.

ஏழ்மைக் கணக்கும் வேலையின்மைக் கணக்கு போலத்தான், கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. மலேசியாவில் 2016-இல் ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு என்றார்கள். குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்பது அப்போதைய கோடு. 2019-இல் வந்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அதிகாரி பிலிப் ஆல்ஸ்டன் இதை வெளிப்படையாகவே குறை சொன்னார். 2020-இல் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு மாற்றினார்கள், 2019-ஆம் ஆண்டின் ஏழ்மை 5.6 விழுக்காடு என்று வந்தது. ஒரு குடும்பமும் ஓர் இரவில் ஏழையாகிவிடவில்லை. இருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள், அவ்வளவே.

கடைசியாக உதவித்தொகை. வேலை போனவருக்குக் காசு கொடுத்தால் தேடமாட்டார் என்பது நம் பழைய சோம்பேறி வாதத்தின் இன்னொரு வடிவம். உதவித்தொகை இருந்தால் தேடும் காலம் கொஞ்சம் நீள்கிறது என்பது உண்மை. ஆனால் ராஜ் செட்டி 2008-இல் காட்டியது, அந்த நீட்சியில் ஏறக்குறைய 60 விழுக்காடு கையில் சேமிப்பு இல்லாதவருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்ததால் வருவது என்று. நாளைக்கே அரிசி வாங்க வேண்டும் என்பதற்காக முதலில் வந்த மோசமான வேலையை ஏற்றுக்கொள்ளாமல், இரண்டு வாரம் பொறுத்துத் தகுந்ததைத் தேடுவது சோம்பல் ஆகாது.

மலேசியாவில் இது 2018 ஜனவரியிலிருந்து இருக்கிறது. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம், சம்பளச் சீட்டில் 'எஸ்ஐபி' அல்லது 'இஐஎஸ்' என்று சின்னதாக ஒரு பிடித்தம் போகுமே அதுதான். தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. வேலை போனால், செலுத்திய சந்தாவைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை, முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30 என்று கொடுப்பார்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும், தாமாக விலகியவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே ஆட்குறைப்பு நடக்கும்போது மேலாளர் ஒரு தாளை நீட்டி, 'சும்மா கையெழுத்துப் போடுங்கள், ராஜினாமா என்று எழுதினால் உங்கள் பெயருக்கு நல்லது' என்று சொன்னால் போடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்தில் இந்தத் தொகையும் போகும், 1980-ஆம் ஆண்டு விதிப்படி வருஷத்துக்கு 10 முதல் 20 நாள் சம்பளம் என்று வரவேண்டிய பணிநிறுத்த இழப்பீடும் போகும். பணிநிறுத்தக் கடிதம் கேட்டு வாங்குங்கள், தேதி இருக்கிறதா என்று பாருங்கள், அதை எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். ஃபாரம் நிரப்பத் தெரியாதென்றால் வீட்டில் கைப்பேசி நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், இணையத்திலேயே செய்துவிடலாம்.